கோவர்த்தனன் கை காட்டிய ஆட்டம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. தொழில் அப்படி. ரேணிகுண்டா யார்டில் இருபத்தாறு வருஷம் வேகனுக்குக் கொக்கி மாட்டினவன் நான். ஒரு வேகன் நின்றுகொண்டிருக்கும். இன்னொன்றை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் குனிந்து நுழைந்து, கொக்கியைத் தூக்கி மாட்டி, திருகை இறுக்கிவிட்டு வெளியே வரணும். எஞ்சின் ஓட்டுகிறவன் கண்ணுக்கு நான் படமாட்டேன். தடத்து ஓரமாக ஒரு ஆள் நின்று அவனுக்குக் கை காட்டுவான். வா, போ, மெல்ல, நில். அந்தக் கை தப்பினால் நான் இல்லை.

அப்படிக் கை காட்டின ஒரு ஆளை ஏழு வருஷம் நம்பினேன். அப்புறம் ஒரு ஆறு வாரம் நம்பவில்லை. அந்த ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் கோவர்த்தனன். என்னைவிட எட்டு வயசு பெரியவர்.

நகரிப் பக்கம் விவசாயக் குடும்பம். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். மூன்று பிள்ளைகளுக்கு நிலம் போதாது என்று நடுவில் பிறந்த இவர் ரயிலுக்கு வந்துவிட்டார். குட்டையான ஆள், அகலமான உள்ளங்கை. வேலைக்கு ஏறுவதற்கு முன்னால் அந்தக் கையைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவுவார். எதற்கு இந்தச் சிங்காரம் என்று ஒரு தரம் கேட்டேன். கை வெளுப்பாக இருந்தால்தான் டிரைவருக்குத் தூரத்திலிருந்து தெரியும் என்றார். அதற்குமேல் பேச மாட்டார். மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் தனியாகத்தான் துன்னுவார். எங்களோடு ஏன் உட்காரவில்லை என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. அதையும் மனசில் ஒரு மூலையில் வைத்திருந்தேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி மூன்று நாலு வருஷம் ஆகியிருந்த நேரம். திருத்தணி தாலுக்கா அப்போது எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. அதை மெட்ராஸ்காரர்கள் கேட்டார்கள். அங்கே இருந்த சத்தியவேடு பக்கத்தை ஆந்திராக்காரர்கள் கேட்டார்கள். எந்த ஊரில் எத்தனை வீடு தமிழ், எத்தனை வீடு தெலுங்கு என்று கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடுகளில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று பேசுவோம். எதை எழுதச் சொல்வது? ஆனாலும் டீக்கடையில் யார் எந்தப் பேப்பரைக் கையில் எடுக்கிறான் என்று அடுத்த பெஞ்சிலிருந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நானும் பார்த்தேன். கோவர்த்தனன் எந்தப் பேப்பரையும் எடுக்க மாட்டார். அவர் பெண்டாட்டி தாட்சாயணி திருத்தணிக்கு அந்தாண்டை ஒரு கிராமம். அந்தக் கிராமம் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் ஸௌரிராஜன் சார் வந்தார். திருப்பதி ஐயங்கார். வீட்டில் எல்லாரும் கோவில் கைங்கரியம். இவர் மட்டும் மெட்ராஸில் டிரில் வாத்தியார் படிப்பு படித்துவிட்டு, சாஃப்ட்பால் என்று ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். திருப்பதியில் ஆட ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேணிகுண்டா கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு வந்து எங்களைப் பிடித்தார்.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. பக்கத்துக்கு ஒன்பது பேர். நாலு மூலை. ஒருவன் கையைக் கீழே தாழ்த்திப் பந்து வீசணும். ஒருவன் கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். அடிக்கிறவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் குந்திக்கொண்டு, அடிபடாத பந்தைப் பிடிக்கணும். பந்து கடையில் கிடைக்காது. ரப்பர் உருண்டை மேல் எஞ்சின் துடைக்கிற நூல் கழிவைச் சுற்றி, செருப்பு தைக்கிறவரிடம் தோல் போட்டு வாங்கினோம். பின்னால் குந்துகிற வேலையை யாரும் கேட்கவில்லை. கோவர்த்தனன் கேட்டார். எஞ்சினில் கரி தள்ளுகிறவர்களின் தோல் கையுறை ஒன்றை இடது கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றையிலிருந்து ஒரு பந்து அவரைத் தாண்டிப் போனதை நான் பார்க்கவில்லை.

எனக்குப் பிடிக்க வராது. அடிக்க வரும். நான் அடித்தால் பந்து தண்டவாளத்தைத் தாண்டி விழும். எதிராளி அடிக்கும்போது என்னைத் தூரத்தில் வேலியோரம் நிற்க வைத்துவிடுவார்கள். அங்கே பந்து வருவதே அபூர்வம். சும்மா நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ஸௌரிராஜன் சார் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். "ஒரு டீம் ஜெயிக்கிறது எதனால? அடிக்கிறதாலயா, தடுக்கிறதாலயா?"

அடிக்காமல் ரன் எங்கிருந்து வரும், தடுத்துக்கொண்டே இருந்தால் பூஜ்யம்தான் வரும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கோவர்த்தனன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அந்தப் பூஜ்யம் அவங்களுக்கு வந்துச்சுன்னா, நமக்கு ஒண்ணு போதும்."

என்னை மட்டம் தட்டத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். அதையும் அந்த மூலையில் வைத்தேன்.

அப்போது திருத்தணி தாலுக்காவில் ஒரு ஊரிலும் இதே ஆட்டம் ஆடுகிற ஒரு கூட்டம் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு மூன்று ஆட்டம் என்று சார் ஏற்பாடு செய்தார். முதலாவது அவர்கள் ஊரில், இரண்டாவது எங்கள் மைதானத்தில், மூன்றாவது பொது இடமாகப் புத்தூரில். சாதாரண நாளாக இருந்தால் விளையாட்டு. அந்த வருஷம் அது விளையாட்டாக இல்லை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆகிவிட்டது.

எங்களுக்குப் பந்து வீசுகிறவன் கன்னையா. சந்திரகிரிக்காரன். பார்சல் ஆபீஸில் வேலை, யார்டுக்குள் காலே வைக்க மாட்டான். அவனிடம் மூன்று விதமான பந்து இருந்தது. ஒன்று அடிக்கிறவனை விட்டு விலகிப் போகும். ஒன்று அவன் மேலேயே வரும். மூன்றாவதுதான் சூட்சுமம். கை வேகமாக வரும், பந்து மெதுவாக வரும். அடிக்கிறவன் முன்னாலேயே கட்டையைச் சுற்றிவிட்டுத் திருதிருவென்று நிற்பான். எப்போது எதைப் போடணும் என்று கோவர்த்தனன்தான் பின்னாலிருந்து வலது முழங்காலுக்கு வெளியே கையை வைத்துச் சைகை காட்டுவார். அந்தச் சைகை அவர்கள் இரண்டு பேருக்குள். மற்ற யாருக்கும் சொன்னதில்லை. வேலியோரத்தில் நின்ற எனக்கு அது கண்ணிலும் பட்டதில்லை.

முதல் ஆட்டத்தில் நான் மூன்று தடவை பந்தை ஊருக்கு வெளியே அடித்தேன். இருந்தும் எட்டுக்கு ஒன்பது என்று தோற்றோம். காரணம் அந்த மெதுப் பந்து. அவர்கள் ஒருவனும் அதற்கு ஏமாறவில்லை. அது வருவதற்கு முன்னாலேயே காலை நிறுத்தி, பொறுத்திருந்து, வாங்கி அடித்தார்கள். ஒருவன் அடித்தால் குருட்டு அடி. ஒன்பது பேரும் அடித்தால்? யாரோ சொல்லியிருக்கணும்.

திரும்புகிற ரயிலில் கன்னையாவைக் கேட்டேன். சாமி மேல் ஆணை என்று பூணூல் இல்லாத மார்பில் அடித்துக்கொண்டான். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒருவர்தான். அவர் அடுத்த பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் வெற்றிலைக் கடையில் அந்த ஊர் ஆட்களோடு கோவர்த்தனன் நின்றதை நான் பார்த்திருந்தேன். ஏழு வருஷத்தில் எங்களிடம் பல்லைக் காட்டாத ஆள், அவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின இரண்டு மாதத்தில் மூன்று தடவை லீவு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் சொன்னேன். ஏகாம்பரகுப்பத்தில் ஆரம்பித்தேன். புத்தூர் வருவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. ரேணிகுண்டாவில் இறங்கும்போது எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பெண்டாட்டி ஊர் அந்தப் பக்கம் போகப் போகிறது, இவரும் அதோடு போகப் போகிறார், அதற்கு முன்பணமாக எங்கள் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார்.

நான் ஆரம்பித்த பேச்சு என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாரும் ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் யார்டில் அவர் கை காட்டினார். நான் நுழையவில்லை. ரூல் புத்தகத்தில் வேகன் முழுசாக நின்ற பிறகுதான் நடுவில் போகணும் என்று இருக்கிறது. யார்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. வேகன் மெல்ல வரும்போதே கையைப் பார்த்து நுழைந்து, முட்டுகிற நேரத்தில் கொக்கியைப் போட்டுவிடுவோம். அன்றைக்கு நான் ரூல்படி நின்றேன். வேகன் வந்து, முட்டி, நின்று, எஞ்சின் விசில் கொடுத்த பிறகு போனேன். என்னைப் பார்த்து மற்றக் கொக்கி ஆட்களும் அப்படியே செய்தார்கள். மற்றவர்கள் கை காட்டினால் பழையபடி. இவர் கை காட்டினால் ரூல்படி.

அவர் வெளுத்த கையை இறக்கிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு வாரத்தில் வண்டிகள் தேங்கிவிட்டன. யார்டு மாஸ்டர் வந்து சத்தம் போட்டுப் பார்த்தார். ரூல்படி வேலை செய்கிறவனை எப்படித் திட்டுவது? கடைசியில் அவருக்கும் விஷயம் போயிற்று. ஆட்கள் நம்பாத கையை வைத்துக்கொண்டு யார்டு ஓட்ட முடியாது, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து கோவர்த்தனன் பாலப்பள்ளிக் காட்டுப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டைக் காக்கப் போகட்டும் என்றார். அங்கே ஒரு நாளைக்கு நாலு ரயிலும், நாலு மாட்டு வண்டியும் போகும். தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கணும். பொண்டாட்டி பிள்ளையோடு குடியிருக்கிற இடமில்லை.

இதைக் கேட்டுத்தான் தாட்சாயணி என்னைத் தேடி வந்தது. குவார்ட்டர்ஸ் குழாயடியில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் குடத்தோடு வந்து நின்றது.

"நீதானே சொன்னியாமே, என் ஊட்டுக்காரரு வித்துட்டாருன்னு?"

பார்த்ததைச் சொன்னேன் என்றேன்.

"பாத்தியா? என் தங்கச்சி சுந்தரிக்கு அந்த ஊர்ல மாப்பிள்ளை பேசிக்கினு கீறோம். அதுக்குத்தான் மூணு தபா போனாரு. வெத்தலக் கடையில சிரிச்சது மாப்பிள்ளையோட நைனா கிட்ட. பொண்ணைக் குடுக்கிற எடத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினா நிப்பாங்க?"

சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பாமலே போய்விட்டது. எனக்குச் சந்தேகம் போகவில்லை, கூடிற்று. சம்பந்தமே செய்யப் போகிறாரா? அப்படியென்றால் சைகையைச் சொல்வதற்கு அதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்?

இரண்டாவது ஆட்டத்துக்குக் கோவர்த்தனன் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். சாருக்கு இஷ்டமில்லை, ஆனால் மற்ற எட்டுப் பேரும் ஒரே வாயாக நின்றால் என்ன செய்வார். தண்டவாளம் செப்பனிடுகிற கேங்மேன் முனிகிருஷ்ணனைப் பின்னால் குந்த வைத்தோம். அவனுக்குச் சைகையெல்லாம் தெரியாது. கன்னையா தன் இஷ்டத்துக்கு வீசினான். முனிகிருஷ்ணன் பாதிப் பந்தைக் கோட்டைவிட்டான். அவர்கள் ஓடி ஓடி ரன் எடுத்தார்கள். நானும் விடவில்லை, ஐந்து தடவை வேலிக்கு வெளியே அனுப்பினேன். பதினைந்துக்குப் பதினாலு என்று ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள்.

பதினாலு ரன்னைத் தானம் கொடுத்துவிட்டு ஜெயித்ததாகச் சொல்லாதீர்கள் என்று சார் முணுமுணுத்தார். நான் காதில் வாங்கவில்லை. நான் கவனித்தது வேறு. அன்றைக்கு அந்த மெதுப் பந்துக்கு அவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தார்கள். கட்டையைச் சுற்றிவிட்டுத் திருதிருவென்று நின்றார்கள். கோவர்த்தனன் இருந்தால் தெரிகிறது. இல்லாவிட்டால் தெரியவில்லை. இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

மூன்றாவது ஆட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள். அன்று காலையில் உப்பு வேகன் ஒன்றைத் தள்ளி வந்து சேர்க்கணும். கோவர்த்தனன் எதிர்ச் சாரியில் நின்றார். நான் ரூல்படி தள்ளி நின்றேன். வேகன் கிட்டே வந்தது. அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி மணிக்கட்டை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினார். யார்டில் அதற்கு, மெல்ல வா, கொக்கி போடப் போகிறோம் என்று அர்த்தம். எந்த யார்டிலும் அதே அர்த்தம்.

என் கால் தானாக இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டது. நான் வைக்கவில்லை. ஏழு வருஷப் பழக்கம் வைத்தது. அதைத் தடுத்து நிறுத்திக்கொண்டு நிற்கும்போதுதான் மண்டைக்குள் ஏதோ உறைத்தது. மெல்ல. மெதுப் பந்து.

அந்த ஊர் ஆட்டம் கண்முன்னால் வந்தது. அவர்கள் அடிக்கும் முறை வரும்போதெல்லாம், ஓடுகிறவனுக்கு வழி சொல்ல முதல் மூலை பக்கத்தில் ஒரு வயசான ஆள் நிற்பான். தோளில் சிவப்புத் துண்டு. அதை அடிக்கடி ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவான். வெயில் என்று நினைத்தேன். முதல் மூலையிலிருந்து பார்த்தால் கோவர்த்தனனின் வலது முழங்கால் நேராகத் தெரியும். ஆட்டம் முடிந்து கை குலுக்கினபோது அந்த ஆளின் கட்டைவிரல் என் உள்ளங்கையில் பட்டையாகப் பட்டது. நசுங்கின விரல். என் வலது கட்டைவிரலும் அப்படித்தான் இருக்கும். கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தரம் மாட்டினால் விரல் அந்த வடிவத்துக்கு வந்துவிடும். வேறு எந்த வேலையிலும் அப்படி நசுங்காது.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். கோவர்த்தனன் வாளியை மூடினார்.

"கன்னையாவுக்கு இன்னா சைகை காட்டுவீங்க, அண்ணே? செஞ்சி காட்டுங்க" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். அப்புறம் கையை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேலும் கீழும் ஆட்டினால், தள்ளிப் போகிற பந்து. பக்கவாட்டில் ஆட்டினால், கிட்டே வருகிற பந்து. மணிக்கட்டைத் திருப்பினால், மெதுப் பந்து. போ, வா, மெல்ல, அத்தனையும் யார்டுக் கை. தலைக்குமேல் காட்டுவதை முழங்காலில் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். கொக்கி மாட்டிய எவன் பார்த்தாலும் கடிதாசி படிக்கிற மாதிரி படித்துவிடுவான். கன்னையா பார்சல் ஆபீஸ்காரன், அவனுக்கு அது வெறும் சைகை.

அந்தச் சிவப்புத் துண்டு ஆளையும் அவன் கட்டைவிரலையும் சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசித்து வைத்தது இல்லை, தானாக வந்துவிட்டது என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச சைகை இது ஒண்ணுதான், திருமல."

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. புத்தூரில் அந்தச் சைகையையே மாற்றிக் காட்டலாம். மெல்ல என்று கையைத் திருப்பணும், கன்னையா வேகமாகப் போடணும். துண்டுக்காரன் ஏமாந்து சொல்வான், ஒன்பது பேரும் வரிசையாகக் கவிழ்வார்கள். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெல்லன்னு காட்டிட்டு வேகமா வரச் சொல்றதா? இந்தக் கையாலயா? மறுநாள் இதே கையத்தான் உனக்குக் காட்டணும்."

"ஆட்டம்தானேண்ணே அது."

"கைக்கு அது தெரியாது."

பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷமும் ஒரு சந்தேகம் வந்தது. சம்பந்தி வீட்டை ஏமாற்ற மனசு வரவில்லையோ என்று. வந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டு எழுந்தேன்.

சாரிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். மற்றவர்களிடம் சொன்னேன். ஒருவனும் நம்பவில்லை. ஆறு வாரம் முன்னால் விற்றுவிட்டான் என்றவன் நீ, இப்போது இல்லை என்கிறாய், உனக்கும் சோறு போட்டு மடக்கிவிட்டாரா என்று முனிகிருஷ்ணன் கேட்டான். நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பார்வையைத்தான் என்மேல் திருப்பினார்கள். சார் பிடிவாதமாக நின்றதால் கோவர்த்தனன் புத்தூருக்கு வந்தார். வாய் திறந்து யாரும் அவரோடு பேசவில்லை.

புத்தூர் ஆட்டத்தில் சைகையே இல்லை. எது வேண்டுமானாலும் போடு, வருவதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கன்னையாவிடம் சொல்லிவிட்டு, வலது கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். எந்தப் பந்து வரப்போகிறது என்று தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்கக் குந்திப் பிடித்தார். தரையில் குதித்ததை, தலைக்குமேல் போனதை, கட்டையில் உரசித் திரும்பியதை, எல்லாவற்றையும். முதல் மூலையில் துண்டுக்காரன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு ஒரே தோளில் கிடந்தது. முக்கால் ஆட்டம் வரை அவர்கள் எடுத்தது ஒரே ஒரு ரன். நாங்கள் இரண்டு. என் கட்டையிலிருந்து அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டும் கன்னையாவும் இன்னொருவனும் தட்டித் தட்டி ஓடி எடுத்தது.

கடைசி முறை. அவர்களுக்கு இரண்டு பேர் மூலைகளில் நிற்கிறார்கள். ஒருவன் உயரமாகத் தூக்கி அடித்தான். பந்து நேராக என்னிடம் வந்தது. ஒரு குழந்தை மடியில் வாங்கியிருக்கும். வெயிலில் நிமிர்ந்து பார்த்தேன், கையை நீட்டினேன், பந்து விரலில் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்து எறிவதற்குள் இரண்டு பேரும் சுற்றி வந்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் பக்கம் மூன்று பேர் வரிசையாக அவுட். மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

புத்தூர் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பார்த்தேன். எல்லோரும் கோவர்த்தனனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை மூடிக்கொண்டால் என்ன, வேறு எப்படியாவது சொல்லியிருப்பார் என்று பேச்சு ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பந்தை விட்டவன் நான்" என்றேன் சத்தமாக.

"அது கை தவறிப்போனது, திருமல. உன் மேல யாரு சந்தேகப்படுவாங்க" என்றான் முனிகிருஷ்ணன்.

என் பெண்டாட்டி ஊர் வெதுருகுப்பம். அது எந்தப் பக்கமும் போகப்போவதில்லை. அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம். ஒரு பந்தைக்கூட விடாதவரை விற்றவர் என்கிறார்கள். வந்த ஒரே பந்தை விட்டவனைத் தோளில் தட்டுகிறார்கள். இது எனக்கு ரேணிகுண்டா வரை நெஞ்சில் கிடந்தது. வாயால் சொல்லி இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது.

மறுநாள்தான் மாசக் கடைசி. காலை எட்டு மணி ஷிப்டு மாறுகிற நேரம், கொக்கி ஆட்கள் அத்தனை பேரும் யார்டில் இருந்தார்கள். யார்டு மாஸ்டரும் வெளியே நின்றிருந்தார். பாலப்பள்ளிக்கான உத்தரவு அவர் மேஜை மேல் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. எஞ்சின் ஆறு வேகனைத் தள்ளிக்கொண்டு வந்தது. கோவர்த்தனன் கையைத் தூக்கினார். இருபது கஜம் இருக்கும்போதே நான் தடத்துக்குள் இறங்கினேன். நின்றிருந்த வேகன் பக்கம் திரும்பி, வருகிற வேகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொக்கியைக் கையில் எடுத்தேன். யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினான். நான் திரும்பவில்லை. வலது பக்கம் தடத்தோரம் தெரிந்த அந்த வெளுத்த கையை மட்டும் பார்த்தேன்.

மணிக்கட்டு திரும்பியது. சக்கரச் சத்தம் தணிந்தது. இன்னும் திரும்பியது. முதுகில் இரும்பின் சூடு தெரிந்தது. அப்புறம் கை அப்படியே நின்றது. வேகன் முனையில் முட்டுத் தாங்குகிற பஃபரும் பஃபரும் தொட்டுக்கொண்ட சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. திரும்பினேன், கொக்கியைப் போட்டேன், திருகை இறுக்கினேன், வெளியே வந்தேன்.

அடுத்த வேகன் வந்தபோது முனிகிருஷ்ணனின் அண்ணன், என்னைப் போலக் கொக்கி ஆள், அதே கையைப் பார்த்து, வண்டி நிற்பதற்கு முன்னாலேயே நுழைந்தான். யார்டு மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போனார். அந்த உத்தரவு கையெழுத்தாகவில்லை.

மத்தியானம் கோவர்த்தனன் என்னிடம் வந்தார். நன்றி கின்றி சொல்வார் என்று நினைத்தேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னொரு தபா முதுகக் காட்டிக்கினு நுழையாத. என் கையாயிருந்தாலும் வண்டியையும் ஒரு கண்ணு பாரு. கை வலிச்சா இன்னா பண்ணுவ?"

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனார். தனியாகத்தான்.

சுந்தரி கல்யாணம் எதெதற்கோ தள்ளிப்போய், எல்லைக் கோடு போட்டு முடித்து, திருத்தணி அந்தப் பக்கம் போன பிறகுதான் நடந்தது. நேற்று வரை நம்ம ஜில்லாவாக இருந்த இடத்துக்கு வேறு ராஜ்யம் என்று சொல்லிக்கொண்டு போனோம். கோவர்த்தனன் யார்டை விட்டு எங்கும் போகவில்லை. ரிடையர் ஆகும் வரை ரேணிகுண்டாதான்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் சிவப்புத் துண்டு உட்கார்ந்தது. பார்த்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். அப்போதும் என் புத்தி போகவில்லை. அந்த ஆட்டத்தில் கோவர்த்தனன் ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"அவரு எதுக்குப்பா சொல்லணும், நாங்கதான் பாத்துக்கினு இருந்தமே" என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "ரெண்டாவது ஆட்டத்துக்கு அவரு வரலைன்னதும் எங்களுக்குப் புரிஞ்சிபோச்சி, நீங்க அவரைச் சந்தேகப்பட்டுட்டீங்கன்னு. கூப்பிட்டுச் சொல்லலாம்னு பேசிக்கினோம். மூணாவது ஆட்டம் பாக்கி இருந்துச்சே."

அவன்மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடிக்கிறதா தடுக்கிறதா என்று இன்றைக்கும் யார்டுப் பையன்கள் கிரிக்கெட்டை வைத்துச் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், பதினைந்து அடித்த ஆட்டத்தில் நாங்கள் தப்பிப் பிழைத்தோம். மூன்றே கொடுத்த ஆட்டத்தில்தான் விளையாடினோம். அதில் தோற்றது தடுத்தவரால் இல்லை, அடிக்கிறதை மட்டும் நம்பி வேலியோரம் நின்றவனால்.

அன்றைக்குக் கோவர்த்தனன் சாம்பார் வாளியோடு பந்தியில் வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து நின்றார்.

"இன்னா திருமல, இன்னும் விசாரணை முடியலியா?" என்றார்.

முடிந்துவிட்டது என்றேன். சாம்பார் போதும் என்று இலைமேல் கையைக் குறுக்கே காட்டினேன். அவர் நம்பவில்லை, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.